கோடை விடுமுறையும் ஒரு நூற்பட்டியலும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மே மாத இறுதியிலோ ஜூன் மாதத்திலோ, ஆண்டின் கடைசி வகுப்பு முடியும் தறுவாயில், ஆங்கில ஆசிரியர் மாணவர் சிலரிடம் ஒரு தாளைக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். வரும் ஆண்டில் ‘ஆனர்ஸ்’ எனப்படும் சிறப்பு ஆங்கில வகுப்பில் சேர இருப்போருக்கு உரிய தாள் அது. இரண்டு அல்லது மூன்று நூல்களின் பெயர்கள் அதில் இருக்கும். விடுமுறைக்குள் அவற்றைப் படித்து முடிக்க வேண்டும். பக்க ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுத வேண்டும். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் நூலின் ஒரு பகுதியையும் வலப்பக்கத்தில் அதுபற்றித் தன் எண்ணத்தையும் எழுதி வர வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அந்நூல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

அந்நாட்டில் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளும் இத்தாளோடு வீடு திரும்புகின்றனர். கோடையில் பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லும் தாத்தா பாட்டியர், “விடுமுறையிலும் இந்தக் குழந்தைக்கு ஓய்வில்லையா?” என்று மனம் வருந்துவதும் உண்டு. ஆனால் அந்த ஒற்றைத் தாளுக்குப் பின்னால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார், கடினமான நூலோடு ஓர் இளைஞனைத் தனியே விட்டுவிடலாமா, அத்தாள் எவர் கைக்கு வருகிறது, எவர் கைக்கு வராமலே போகிறது என்னும் வினாக்கள் அவ்வரலாறு நெடுகத் தொடர்ந்து வருகின்றன.

முதலில் விடுமுறையைப் பற்றி ஒரு சொல். உழவுத் தொழிலுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டதால்தான் அமெரிக்காவில் நீண்ட கோடை விடுமுறை ஏற்பட்டது என்று பலரும் சொல்வர், நூல்களிலும் எழுதுவர். சிறிது எண்ணிப் பார்த்தாலே இது பொருந்தாது என்பது விளங்கும். விதைப்பு வசந்த காலத்தில் நடப்பது. அறுவடை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வருவது. பழைய நாட்டுப்புறப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலும் நடந்தன. வயலில் வேலை மிகுந்த பருவங்களிலேயே மூடப்பட்டன. நகரப் பள்ளிகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் திறந்திருந்தன. பின்னர், நகரத்துக் கோடை வெப்பத்தின் கொடுமை, வசதியுள்ள குடும்பங்கள் மலைக்கும் கடற்கரைக்கும் போய்விடும் வழக்கம், இடைவிடாத படிப்பு இளம் மூளையைக் கெடுக்கும் என்று அன்றைய மருத்துவரும் கல்வியாளரும் கொண்டிருந்த அச்சம் ஆகியவை சேர்ந்து கோடைக்காலத்தைப் பள்ளியினின்று பிரித்தன. ஆகவே, கோடை விடுமுறை உழவனுக்காக அன்று, நகரவாசிக்காக வந்தது எனலாம். அவ்வாறு காலியான இரண்டரை மாதங்களை எதைக் கொண்டு நிரப்புவது என்னும் கேள்வியும் அத்துடனே பிறந்தது.

நூற்பட்டியலோ வேறிடத்தில் பிறந்தது. ஹார்வர்டு கல்லூரியில் சேர விரும்பிய மாணவன் நெடுங்காலமாக இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றிலேயே சோதிக்கப்பட்டான். அவனுடைய தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் அவனுக்கு எழுத வருமா என்று கேட்க வேண்டும் என்று நினைத்தவர் அரிது. 1869-இல் தலைவர் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட் காலத்தில் இந்நிலை மாறியது. 1874 முதல், சேர விரும்புவோர் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டும் என்றும், அதன் பொருள் முன்னரே அறிவிக்கப்படும் நூல்களிலிருந்து எடுக்கப்படும் என்றும் விதித்தனர். அவ்வாண்டிற்கான நூல்கள் ஆறு: ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’, ‘ஜூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ ஆகிய மூன்று நாடகங்கள், கோல்டுஸ்மித்தின் ‘வேக்ஃபீல்டு குரு’ என்னும் கதை, வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ என்னும் புதினமும் அவருடைய ஒரு நெடுங்கவிதையும்.

இத்தேர்வின் நோக்கம் இலக்கியச் சுவையன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம், நடை ஆகியவற்றைச் சோதிப்பதே கருத்து. எதைப் பற்றியாவது எழுதச் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே நூல்கள் வந்தன. ஆனால் கருவியாக வந்தது கருப்பொருளாக மாறிவிட்டது. பட்டியலில் உள்ளதைக் கற்பிப்பதே பள்ளியின் ஆங்கிலப் பாடம் என்றாயிற்று. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் எழுதியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறாமற்போயினர் என்பதும், அதற்காகக் கல்லூரியார் பள்ளிகளைக் குறைகூறினர் என்பதும், பள்ளியார் கல்லூரிகளைக் குறைகூறினர் என்பதும் எந்நாட்டிலும் கேட்கும் கதைதான்.

ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஒரு பட்டியலை வைத்துக்கொண்டபோது பள்ளிகள் திணறின. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பத்து மாணவர் ஐந்து கல்லூரிகளுக்கு ஆயத்தமானால் ஆசிரியர் என்ன செய்வார்? எனவே 1894-இல் கல்லூரிகளும் பள்ளிகளும் கூடி, எல்லார்க்கும் பொதுவான ஒரே நூல்வரிசையை வகுத்தன. அது இரு பிரிவாக அமைந்தது. ஒன்று பரவலாகப் படித்துப் பொருளறிந்தால் போதும் என்ற நூல்கள். மற்றொன்று வரிவரியாக ஆழ்ந்து கற்க வேண்டிய நூல்கள். மில்டனின் சிறு கவிதைகள், எட்மண்ட் பர்க் அமெரிக்கக் குடியேற்றங்களோடு சமாதானம் வேண்டி ஆற்றிய உரை, மெக்காலேயின் கட்டுரைகள் முதலியன இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. வகுப்பில் ஆசிரியரோடு கற்பது ஒருவகை, மாணவன் தானே படித்து வருவது மற்றொரு வகை என்னும் இப்பிரிவினையில்தான் பிற்காலக் கோடைப் பட்டியலின் வித்து இருக்கிறது என்பது என் கருத்து. நம் நாட்டின் கல்விக் கொள்கையைத் தம் குறிப்பொன்றால் திசைதிருப்பிய அதே மெக்காலேயின் கட்டுரைகள், கடல் கடந்து பாஸ்டன் நகரத்து இளைஞனையும் இரவு விழிக்கச் செய்தன என்பது சிலருக்குச் சிறு ஆறுதலாக இருக்கலாம்.

1900-இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் நடந்த முதல் தேர்வை 973 பேர் எழுதினர். எண்ணிக்கை சிறிதாயினும் அதன் நிழல் பெரிது. ஜார்ஜ் எலியட் 1861-இல் எழுதிய ‘சைலஸ் மார்னர்’ என்னும் புதினம் அமெரிக்கப் பள்ளிகளில் பல தலைமுறைகள் நிலைத்து நின்றது பட்டியலின் வலிமையாலேயே. கல்லூரி வாசலையே மிதிக்கப்போகாத பெரும்பான்மை மாணவரும், கல்லூரிக்குப் போகும் சிறுபான்மையினருக்காக வகுத்த நூல்களையே படிக்க நேர்ந்தது. இதனை எதிர்த்து எழுந்த ஆங்கில ஆசிரியர்கள் 1911 டிசம்பரில் சிக்காகோவில் கூடித் தங்களுக்கென ஒரு தேசிய மன்றத்தை நிறுவினர். நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வகுப்பறையில் நிற்பவனுக்கே உரியது என்பது அவர்கள் எழுப்பிய முழக்கத்தின் சாரம். பொதுப் பட்டியல் படிப்படியாக மறைந்தது. பட்டியல் போடும் பழக்கம் மட்டும் மறையவில்லை.

இவ்விடத்தில் சற்று விலகி, நம் திருச்சபையின் கல்வி மரபைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும். திருச்சியில் வளனார் கல்லூரியையும் பாளையங்கோட்டையில் சவேரியார் கல்லூரியையும் நடத்திவரும் இயேசு சபையினர், 1599-இல் தங்கள் பள்ளிகளுக்கென ஒரு கல்வித் திட்டத்தை வெளியிட்டனர். அதில் விடுமுறைக்கும் விதி உண்டு. பேச்சுக்கலை பயிலும் உயர் வகுப்பினருக்கு ஒரு மாதம். அதற்குக் கீழே இலக்கியம் பயில்வோருக்கு மூன்று வாரம். இலக்கணத்தின் மேல் வகுப்புக்கு இரண்டு வாரம். அதற்கும் கீழே உள்ள சிறுவர்களுக்கு ஒரே வாரம். வயது குறையக் குறைய விடுமுறையும் குறைகிறது! இன்றைய சிறுவர்கள் இதைக் கேட்டால் புனித இஞ்ஞாசியாரிடமே முறையிடுவார்கள்.

ஆனால் அத்திட்டத்தில் நம் பொருளுக்கு நெருங்கிய செய்தி வேறொன்று. மாணவன் ஒரு பகுதியைத் தானாகப் படிக்கத் தொடங்குமுன், ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படிப்பார். அதன் பொருளைச் சுருங்கச் சொல்வார். சொற்களின் கட்டமைப்பை விளக்குவார். வரலாறு, புராணம் முதலிய பின்னணியில் தேவையானதை மட்டும் தருவார். இதன் பின்னரே மாணவன் நூலோடு தனித்து அமர்வான். ‘முன்விளக்கம்’ என்று இதைத் தமிழில் சொல்லலாம். வழியறியாதவனைக் காட்டுக்குள் அனுப்புமுன் எல்லைவரை உடன் சென்று பாதையைக் காட்டிவிடும் அன்பு அதில் உண்டு. கோடைப் பட்டியலோ இதற்கு நேர்மாறானது. கடினமான நூல் முதலில் வருகிறது. ஆசிரியர் மூன்று மாதம் கழித்து வருகிறார். ‘நாதனியல் ஹாத்தார்ன் 1850-இல் எழுதிய ‘செந்நிற எழுத்து’ என்னும் புதினத்தைப் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஜூலை மாத நடுப்பகலில் தனியே திறக்கிறாள்’ என்று வைத்துக்கொள்வோம். சுங்கச் சாவடியைப் பற்றிய அதன் நீண்ட முன்னுரையிலேயே அவள் களைத்துப்போவாள். அதைத் தாண்டிச் செல்லலாம், கதை அப்பால்தான் தொடங்குகிறது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

கோடையில் படிப்பது தண்டனையாக இல்லாமல் விருந்தாக அமைந்த மரபும் அமெரிக்காவில் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் மெதடிஸ்த சபையார் 1874-இல் ஒரு கோடைக் கூட்டத்தைத் தொடங்கினர். 1878-இல் வீட்டிலிருந்தே நான்கு ஆண்டு தொடர்ந்து படிக்கும் வாசகர் வட்டமும் அதிலிருந்து எழுந்தது. கத்தோலிக்கப் பொதுநிலையினரும் பின்தங்கவில்லை. பங்குகளில் வாசகர் வட்டங்களை அமைத்தனர். 1892-இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டனில் கத்தோலிக்கக் கோடைப் பள்ளியின் முதல் அமர்வு கூடியது. அடுத்த ஆண்டு முதல் சாம்ப்ளேன் ஏரிப் பகுதியில் அது நிலைபெற்றது. காலையில் இலக்கியமும் வரலாறும் பற்றிய சொற்பொழிவு, மாலையில் படகோட்டம். பல்கலைக்கழகத்தின் கதவு எளிதில் திறவாத காலத்தில், புலம்பெயர்ந்த ஏழைக் குடும்பங்களிலிருந்து மேலெழுந்து வந்த ஆசிரியைகளுக்கும் எழுத்தர்களுக்கும் அது பெரும் பேறாயிருந்தது. அங்கே எவரும் தனியே படிக்கவில்லை என்பதை மட்டும் நினைவிற்கொள்வோம்.

இனி ‘ஆனர்ஸ்’ என்னும் சொல்லுக்கு வருவோம். முன்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் படித்தவர் என்றால் ஊரில் தனி மதிப்பு உண்டு. அச்சொல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வழக்கிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று திரும்பிய ஆங்கிலப் பேராசிரியர் ஃபிராங்க் எய்டலாட், பென்சில்வேனியாவில் உள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவராகி, 1922-இல் அங்கே ஆனர்ஸ் முறையைத் தொடங்கினார். ஆற்றல் மிக்க மாணவர் சிறு குழுவாக அமர்ந்து, மிகுதியாகத் தாமே படித்து, விவாதித்து, இறுதியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் தம் அறிவை நிறுவ வேண்டும். கல்லூரிக்கு வகுத்த இம்முறையின் பெயரும் நோக்கமும் காலப்போக்கில் உயர்நிலைப் பள்ளிக்குள்ளும் இறங்கின.

அதற்கு வேகம் தந்தவை 1950-கள். பள்ளியின் கடைசி ஆண்டுகளில் படித்ததையே கல்லூரியின் முதலாண்டில் மீண்டும் படிக்கிறார்கள் என்று கண்டு, மூன்று புகழ்பெற்ற தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 1952-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் கற்பிக்கும் ‘முன்னேற்றப் பாடத்திட்டம்’ உருவாகி, 1956 மே மாதம் அதன் முதல் தேர்வுகள் வாரியத்தால் நடத்தப்பட்டன. 1,229 மாணவர் எழுதினர். 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கர் நெஞ்சில் ஓர் அதிர்ச்சி பாய்ந்தது. கூர்மதியுள்ள மாணவரைப் பிரித்தெடுத்து வளர்க்க வேண்டும் என்னும் குரல் ஓங்கியது. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959-இல் எழுதிய நூல், மாணவரைப் பாடந்தோறும் திறனுக்கேற்பப் பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டும் ஆங்கிலம் வேண்டும், அதில் பாதி நேரம் கட்டுரை எழுதப் பழகுவதற்கே செல்ல வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

கோடைக்குள் படிப்பு நுழைந்த காரணம் இங்கே எளிதாகப் புலப்படுகிறது. முன்னேற்றப் பாடத்தின் தேர்வு மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடும். செப்டம்பரில் திறக்கும் பள்ளிக்கு எட்டு மாதமே கிடைக்கிறது. அதற்குள் ஹோமரிலிருந்து இருபதாம் நூற்றாண்டுவரை நடந்து முடிக்க வேண்டும். வாரந்தோறும் கட்டுரையும் எழுத வேண்டும். நேரம் எங்கிருந்து வரும்? விடுமுறையிலிருந்துதான். பத்தாம் வகுப்பு ஆனர்ஸ் மாணவனும் பின்னால் வரும் அத்தேர்வை நோக்கியே நடத்தப்படுவதால் கோடைத் தாள் அவனிடமும் வந்து சேர்ந்தது.

பக்க ஓரத்தில் எழுது என்னும் கட்டளைக்கும் ஒரு பொருளாதாரப் பின்னணி உண்டு. பள்ளிக்குச் சொந்தமான கெட்டி அட்டை நூலில் மாணவன் பென்சிலை வைத்தால் தண்டம் கட்ட வேண்டும். 1939-இல் ‘பாக்கெட் புக்ஸ்’ நிறுவனம் ஒரு நூல் 25 காசு என்று பத்துத் தலைப்புகளை வெளியிட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ அப்பத்தில் ஒன்று. நூல் மாணவனின் சொந்தப் பொருளாயிற்று. அதில் கோடிட்டு, கேள்வி எழுப்பி, ஆசிரியரோடு சண்டையிட அவனுக்கு உரிமை வந்தது. 1940-இல் வெளிவந்த ‘ஒரு நூலை எவ்வாறு படிப்பது’ என்னும் நூலில் மார்ட்டிமர் ஆட்லர் இத்தகைய சுறுசுறுப்பான வாசிப்பையே வற்புறுத்தினார். புனித தோமா அக்குவினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் கற்றும் கற்பித்தும் வந்த இந்த யூதக் குலத்து அறிஞர், தொண்ணூறு வயது கடந்து 1999-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பதும் அறியத்தக்கது.

மலிவு நூலோடு குறுக்குவழியும் வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனில் கிளிஃப்டன் ஹில்லகாஸ் என்பவர் 4,000 டாலர் கடன் வாங்கி, 1958-இல் ஷேக்ஸ்பியரின் பதினாறு நாடகங்களுக்குச் சுருக்க உரைகளை வெளியிட்டார். மஞ்சளும் கறுப்பும் கலந்த அட்டையுடைய அந்தக் ‘கிளிஃப்ஸ் நோட்ஸ்’ நூலைத் துணையாகக் கொள்ள வேண்டும், மூலத்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என்பது அவரது நிலைப்பாடு. கேட்டவர் சிலர். நம் ஊர்க் கோனார் உரையை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் நான் அவ்வுரைகளை முழுமையாகப் பழிக்க மாட்டேன். முன்விளக்கம் தருவார் இல்லாத இடத்தில், ஒரு மாணவன் அதைக் கடையில் விலைக்கு வாங்கினான், அவ்வளவுதான்.

எந்த நூல் என்னும் கேள்வி 1963-இல் ஜார்ஜியா மாநிலத்தில் கடுமையாக எழுந்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பினருக்குப் படிக்கத் தரப்பட்ட ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’, ஜான் ஹெர்சியின் ‘எ பெல் ஃபார் அடானோ’ ஆகிய புதினங்களில் தகாத பகுதிகள் உள்ளன என்று பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு மார்ச் மாதம், அட்லாண்டா உயர்மறைமாவட்டத்தின் செய்தித்தாளில் இதைப்பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஃபிளானரி ஓ’கானர். மில்லட்ஜ்வில் ஊருக்கு அருகே தம் தாயின் பண்ணையில் மயில்களை வளர்த்துக்கொண்டு, உடலை அரித்த லூபஸ் நோயோடு போராடிக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த சிறுகதைகளில் சிலவற்றை எழுதிய கத்தோலிக்கப் பெண்மணி. உலகப் புகழ்பெற்ற அவர், தம் பகுதி மறைமாவட்ட இதழ்களுக்கு நூறுக்கு மேற்பட்ட நூல் மதிப்புரைகளை எழுதித் தந்தார் என்பதை நம்மைப் போன்ற இதழ்களின் வாசகர் பெருமையோடு நினைக்கலாம்.

அவருடைய கதைகளின் வன்மையை அறிந்தவர்கள், அவர் பெற்றோரைக் கடிந்து புதுமை நூல்களை ஆதரித்திருப்பார் என்றே எண்ணுவர். அவர் அப்படிச் செய்யவில்லை. பெற்றோரின் அச்சத்தோடு முழுமையாகச் சேர்ந்துகொள்ளவும் இல்லை. குறை அந்நூல்களில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்றார். முன்னோர் எழுதியதைக் கற்காதவனுக்கு இன்றைய புதினத்தின் முழுப் பொருளும் எட்டாது. கூப்பர், ஹாத்தார்ன், மெல்வில், தொடக்ககால ஹென்றி ஜேம்ஸ் முதலியோரை முதலில் ஆசிரியர் துணையோடு படிக்கட்டும். பின்னரே அவன் தற்காலத்துக்கு வரட்டும். சிறுவனுக்கு அது பிடிக்குமா என்று கேட்டால், அவனிடம் கேட்க வேண்டிய காலம் இன்னும் வரவில்லை என்பது அவர் விடை; விருப்பு வெறுப்பு உருப்பெற்றுக்கொண்டிருக்கும் பருவத்தில் அதையே நடுவராக வைக்க இயலாது என்று அவர் கருதினார். தமது மரணத்துக்கு ஓராண்டும் சில மாதங்களும் முன்னர் எழுதிய கட்டுரை இது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், முப்பத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார்.

அதே 1963 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் நாள்தோறும் வழிபாடாக விவிலியம் வாசிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இலக்கியமாகவும் வரலாறாகவும் விவிலியத்தைக் கற்பதற்குத் தடையில்லை என்று அத்தீர்ப்பே கூறியது. அதன் பயனாக ஒரு விந்தை நிகழ்ந்தது. காயின், ஆபேல் வரலாறு தெரியாமல் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ எவ்வாறு விளங்கும்? எனவே ஆங்கில ஆசிரியர் பலர் தொடக்கநூல், யோபு, மத்தேயு நற்செய்தி ஆகியவற்றின் பகுதிகளையே கோடைப் பட்டியலில் சேர்க்கலாயினர். காலை வழிபாட்டில் நின்றுபோன விவிலியம், விடுமுறைக் குறிப்பேட்டில் இடம்பெற்றது. நம்பிக்கையின்றி யோபுவைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. துன்புறும் நேர்மையாளனின் குரலை ஒருவன் பதினாறு வயதில் ஒருமுறை கேட்டுவிட்டான் என்பதே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

ஓ’கானர் சொன்னதை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் ஒரு தடையோடு. அவர் வகுப்பறையைப் பற்றிப் பேசினார். கோடையில் வகுப்பறை இல்லை. 1978-இல் சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ், அதே ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரத்துப் பள்ளிகளில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவரைப்பற்றிச் செய்த ஆய்வை வெளியிட்டார். பள்ளி நடக்கும்போது செல்வர் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் இடையே உள்ள கற்றல் இடைவெளி அவ்வளவாக விரிவதில்லை. கோடையிலேயே விரிகிறது என்று கண்டார். விடுமுறையில் எத்தனை நூல் படித்தார்கள் என்பது வளர்ச்சியோடு தொடர்புடையதாயிருந்தது. பொது நூலகம் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதும் படிப்பைப் பாதித்தது. கோடை இழப்பின் அளவு எவ்வளவு என்பதில் பிற்கால ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நூலகத்துக்கு நடந்து செல்லும் தொலைவு ஒரு சிறுமியின் கல்வியைத் தொடுகிறது என்பதை எளிதில் மறக்க இயலாது.

தாள் எவர் கைக்கு வருகிறது என்பது அதனினும் பெரிய கேள்வி. ஜீனி ஓக்ஸ் என்பார் 25 பள்ளிகளை ஆராய்ந்து 1985-இல் வெளியிட்ட நூல் அமெரிக்கரின் மனச்சான்றை உறுத்தியது. மேல்நிலைப் பிரிவில் இருந்தோர் ஷேக்ஸ்பியரைப் படித்தனர், கட்டுரை எழுதினர், தாமே சிந்திக்கத் தூண்டப்பட்டனர். கீழ்ப்பிரிவில் வைக்கப்பட்டோர் பயிற்சித் தாள்களை நிரப்பினர். விண்ணப்பப் படிவம் எழுதப் பழகினர். கீழ்ப்பிரிவில் ஏழைகளும் கறுப்பின மக்களும் மிகுந்திருந்தனர். தலைநகர் வாஷிங்டனின் பள்ளிகளில் இத்தகைய பிரிவினை செல்லாது என்று 1967-இலேயே ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்திருந்தும் நாடெங்கும் அது தொடர்ந்தது. விடுமுறையில் வேலைக்குப் போகும் மாணவன் மூன்று நூல்களைக் கண்டு அஞ்சி, ஆனர்ஸ் வகுப்பே வேண்டாம் என்று விலகிக்கொள்வதும் உண்டு. 2005-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மாணவனும் தந்தையும், ஆனர்ஸ் கணித வகுப்புக்காகத் தந்த கோடை வீட்டுப்பாடம் சட்டத்துக்குப் புறம்பானது என்று வழக்கே தொடுத்தனர். வழக்கு தள்ளுபடியாயிற்று, மேல்முறையீட்டிலும் தோற்றது. பலர் நகைத்தனர். கோடையில் கூலிக்கு உழைக்கும் பிள்ளையின் நேரம் யாருடையது என்னும் கேள்வி நகைப்புக்குரியதாக எனக்குப் படவில்லை.

இங்கே கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிய ஒரு செய்தி மகிழ்ச்சி தருகிறது. அந்தோணி பிரைக் என்பவரும் உடன் ஆய்வாளர் இருவரும் 1993-இல் வெளியிட்ட நூல், அமெரிக்கக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஏழை மாணவர் ஒப்புநோக்கில் மிகுதியாக முன்னேறுவதற்குக் காரணங்களை ஆராய்ந்தது. பிரிவினை குறைவாக இருந்ததும், எல்லார்க்கும் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டம் இருந்ததும் முதன்மையான காரணங்களாகத் தெரிந்தன. பெருந்தத்துவம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பலவகை வகுப்புகளை நடத்தப் பணம் இல்லாத ஏழைப் பள்ளிகளில் எல்லாரும் ஒரே நூலைப் படித்தனர் என்பதும் ஓரளவு உண்மை. வறுமை சில வேளை நல்ல ஆசிரியனாகிறது.

2010-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் எளியது. ஃபுளோரிடாவில் வறிய பகுதிப் பள்ளிகளின் இளம் மாணவர் 852 பேருக்கு, மூன்று கோடைகள் தொடர்ந்து, கோடைக்குப் பன்னிரண்டு நூல்கள் இலவசமாகத் தரப்பட்டன. நூல் கண்காட்சிபோல் பரப்பி வைத்து, அவர்களே தேர்ந்தெடுக்கச் செய்தனர். கட்டுரை இல்லை, கேள்வித்தாள் இல்லை. நூல் பெறாத 478 பேரோடு ஒப்பிட்டபோது, பெற்றவர்களின் வாசிப்புத் திறன் உயர்ந்திருந்தது. அவர்கள் சிறு குழந்தைகள். ஆனர்ஸ் வகுப்புக்கு இதை அப்படியே பொருத்த இயலாது. ஆயினும், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டாம் என்ற ஓ’கானரின் சொல்லோடு இதைச் சேர்த்து வைத்து எண்ணிப்பார்க்க வேண்டும். இந்நாளில் பல பள்ளிகள் ஒரு நூலைத் தாமே விதித்து, மற்றொன்றை மாணவன் விருப்பத்துக்கு விடுகின்றன. கணினியே கட்டுரை எழுதித் தரும் வசதி 2022 இறுதியில் பரவிய பின், வீட்டில் எழுதி வரும் கட்டுரையை நம்பாமல், வகுப்பிலேயே பேனாவும் தாளும் தந்து எழுதச் செய்யும் ஆசிரியர்களும் உள்ளனர். ஹார்வர்டின் 1874 விதிக்கே ஒருவகையில் திரும்பியிருக்கிறார்கள்.

கோடைத் தாள்களில் அடிக்கடி காணப்படும் ஒரு நூல், ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாறு. அடிமையாகப் பிறந்த அவருக்கு பால்டிமோர் நகரத்தில் எசமானி அரிச்சுவடியைக் கற்பிக்கத் தொடங்கினாள். எழுத்தறிந்த அடிமை அடங்கமாட்டான் என்று எசமான் தடுத்துவிட்டான். ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில், காலணி துடைத்துச் சேர்த்த ஐம்பது காசைக் கொடுத்து, பேச்சுக்கலை பயிற்றும் ஒரு பழைய தொகுப்பு நூலை அவர் வாங்கினார். ஆனால் அதைப் படிக்கும் அளவுக்கு எழுத்தறிவு அவருக்கு எப்படி வந்தது? வேலையாக வெளியே அனுப்பப்படும்போது நூலொன்றையும் வீட்டு ரொட்டியையும் உடன் கொண்டுபோவார். அடிமையான அவருக்கு அவ்வீட்டில் ரொட்டிக்குக் குறைவில்லை. தெருவில் திரிந்த வெள்ளையரின் ஏழைப் பிள்ளைகள் பசியோடிருந்தனர். ஆனால் பள்ளிக்குச் சென்றிருந்தனர். அவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, மாற்றாகப் பாடம் கேட்டுக்கொண்டார். விடுதலை பெற்று எழுதிய நூலிலும் அச்சிறுவர்களின் பெயர்களை அவர் சொல்லவில்லை. அடிமைக்குப் படிப்பித்தது வெளியே தெரிந்தால், வளர்ந்து ஆளான பின்னும் அவர்களுக்குத் தொல்லை வரக்கூடும் என்று அஞ்சினார்.